துரைத் தொப்பிகளின் நிழல்

அக்கினி நட்சத்திரம் பிறந்த வாரத்தில், வேலூர் வெயில் ஊரைத் தோசைக்கல்லாகக் காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு நண்பகலில், ஹெல்மெட் கடை கமலநாதன் தன்னிடமிருந்த பழைய வெள்ளைக்கார ராணுவத் தொப்பிகளில் பூச்சி விழுந்துவிடக் கூடாதே என்று அவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்து, மொட்டைமாடிச் சுவரோரம் துணி காயப்போடுவதற்காக நட்டு வைத்திருந்த மூங்கில் கழிகளின் உச்சியில் கவிழ்த்து வைத்தார். வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கீழே தெருவில் ஓர் ஆலமரத்தின் நிழல் விழுந்தது, அதை ஒட்டிப் புளியமரத்தின் நிழல் ஒன்று, அதற்கும் அப்பால் இந்த ஊர்க்காரர் யாரும் பார்த்திராத ஏதோ குளிர்நாட்டு மரத்தின் ஊசி ஊசியான நிழல் ஒன்று. மரம் எதுவும் இல்லை. அந்தத் தெருவில் கடைசியாக நின்றிருந்த வேம்பைச் சாலை அகலப்படுத்த வந்தவர்கள் வெட்டிக்கொண்டு போய் வெகுகாலம் ஆகிறது.

இஸ்திரி போடும் தணிகாசலம் தலையை நிமிர்த்தாமலேயே தன் தள்ளுவண்டியை ஆலமர நிழலுக்குள் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து சட்டைக் காலரைத் தேய்க்க ஆரம்பித்தார். பிறகு யாரோ விசாரித்தபோது, "நெழலு வந்துச்சு, வண்டிய உள்ள விட்டேன். எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டுகினு நின்னா அது போயிட்டா இன்னா பண்றது?" என்றார். ஊரும் ஏறக்குறைய அப்படித்தான் எடுத்துக்கொண்டது. அன்று சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் நிழல்கள் பாய் சுருட்டுவதுபோலச் சுருண்டு தொப்பிகளுக்குள் ஏறிக்கொண்டன. மறுநாள் காலையில் கமலநாதன் வீட்டு வாசலில் தொப்பி கேட்டு ஆட்கள் நின்றார்கள்.

கமலநாதன் இந்தத் தொப்பிகளைச் சேர்க்கத் தொடங்கியது அவருடைய ஒரே மகன் குணாளன் போன பிறகுதான். சத்துவாச்சாரி தாண்டி, சர்வீஸ் ரோட்டில், லாரி சிந்திவிட்டுப் போன மணலில் அவனுடைய பைக் சறுக்கியது. தகப்பன் விற்பது ஹெல்மெட், மகன் தலையில் ஹெல்மெட் இல்லை. அவன் கொண்டுபோன ஹெல்மெட் ஒரு கீறல்கூட இல்லாமல் அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்தது. பெட்ரோல் டேங்கின் மேல் வைத்துக்கொண்டு போய், போலீஸைக் கண்டால் மட்டும் எடுத்து மாட்டுகிற ஊர்ப் பழக்கம்தான் அவனுக்கும் என்று கூடி நின்றவர்கள் சொல்லிவிட்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர் வீட்டுக்குள் நுழையுமுன் ஒரு தடவை கடைப் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு நுழைந்தார்கள். அந்தப் பார்வையைக் கமலநாதனால் மன்னிக்கவே முடியவில்லை.

அதுவரைக்கும் அவர் எப்படிப்பட்ட வியாபாரி என்றால், ஹெல்மெட் வாங்க வந்தவர் தலையில் தானே மாட்டி, தாடைக்குக் கீழே பட்டியைப் போட்டு, விரலைக் கொடுத்து இரண்டு தரம் இழுத்துப் பார்த்த பிறகுதான் கடையை விட்டு இறங்க விடுவார். மகன் போன பிறகு அந்தக் கை எழவில்லை. புது ஹெல்மெட்டைத் தொட்டால் அதற்குள் போகப்போகிற தலையை நினைத்துப் பயந்தார். கடையை மனைவி பூங்காவனத்திடம் விட்டுவிட்டு, பழைய தொப்பிகளைத் தேடிக்கொண்டு கிளம்பினார். அவற்றில் அந்தப் பயம் இல்லை, போட்டவர்கள் எல்லோரும் எப்படியும் செத்துப்போய்விட்டார்கள். காயலான் கடைகளில், ஏலகிரிப் பக்கத்து இடிந்த பங்களாக்களில், தோல் மண்டிகளின் பின்கட்டில், ஆரணிப் பக்கத்து நாடகக் கம்பெனிகளின் ட்ரங்குப் பெட்டிகளில் அவர் தேடிக் கண்டுபிடித்தவை வீட்டை நிறைத்தன: நெட்டியில் செய்து வெள்ளைத் துணி போர்த்திய தொப்பிகள், உச்சியில் பித்தளை முள் வைத்த கறுப்புத் தொப்பிகள், கரடி மயிர்த் தொப்பி, தீக்கோழி இறகுத் தொப்பி, மருந்துச் சம்புடம்போல் காதுக்கு மேலே சாய்த்து வைக்கிற குட்டித் தொப்பிகள்.

ஆனாலும் தினம் காலையில் காப்பிக்கு முன்னால் மகன் படத்துக்கு முன்னே போய் நின்று திட்டுவதை அவர் விடவில்லை. "தலையில மாட்டிக்கினு போனா இன்னாடா, வலிக்குமா உனக்கு? சொன்னா கேட்டியா?"

அடுக்களையிலிருந்து பூங்காவனத்தின் குரல் வரும். "அவன் போட்டுக்குவான். எப்பவும் போட்டுக்குவான். அன்னிக்கு இன்னா ஆச்சுன்னு எனக்குத் தெரியல."

"ஆமா, நீதான் கூட இருந்து பாத்த."

"பெத்தவளுக்குத் தெரியும்."

முப்பது வருஷத்துக் குடித்தனத்தில் மற்ற சண்டையெல்லாம் தேய்ந்து மறைந்துபோக, அவர்களுக்குள் மிச்சம் இருந்தது இந்த ஒன்றுதான், அதையும் இருவரும் தினம் தண்ணீர் ஊற்றி வளர்த்தார்கள். குணாளனின் ஹெல்மெட்டை அவனுடைய வேட்டியிலேயே சுற்றிப் பரண்மேல் வைத்திருந்தாள் பூங்காவனம்.

நிழல்களுக்கு வருவோம். தொப்பியைத் தரையில் வைத்தால் ஒன்றும் நடக்காது, ஓர் ஆள் நிற்கிற உயரத்துக்குக் கழியில் ஏற்றி வைத்தால்தான் நிழல் விரியும் என்று ஊர் சீக்கிரமே தெரிந்துகொண்டது. ஒவ்வொரு நிழலுக்கும் ஒரு குணம் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டது. பித்தளை முள் வைத்த மேஜர் தொப்பியின் கீழே நின்றவர்கள் தாமாகவே முதுகு நிமிர்ந்து, இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாமல் நின்றார்கள். தண்ணீர் லாரி வருகிற நாளில் குடங்களோடு நிற்கும் வரிசைக்கு அதைத்தான் வைத்தார்கள், வைத்த பிறகு அந்தத் தெருவில் குடத்தால் ஒருத்தர் மண்டையை ஒருத்தர் உடைக்கவில்லை. ஒரு கட்சிக்காரர்கள் விவரம் தெரியாமல் அதையே மேடைக்கு வாங்கிக்கொண்டு போக, மாவட்டப் பேச்சாளர் வணக்கம் சொல்லி, ஓட்டுக் கேட்டு, நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கைதட்டியது, கட்சிக்காரர்கள் அடுத்த தடவை வேறு தொப்பி கேட்டார்கள். இறகுத் தொப்பியின் நிழலில் எப்போதும் சன்னமாக மழைச் சத்தம் கேட்டது. பிள்ளை தூங்காத வீட்டுப் பெண்கள் அதற்கு முறை வைத்துக்கொண்டார்கள். சம்புடத் தொப்பிகளில் ஒன்று மத்தளக்காரனுடையது போலிருக்கிறது, அதன் கீழே நின்ற எவருடைய காலும் சும்மா இருக்கவில்லை என்பதால் கல்யாண ஊர்வலங்களுக்கு அது போயிற்று. இன்னொன்றின் கீழே நின்றவர்கள் காரணமில்லாமல் கண் கலங்கி, பார்த்தே இராத ஏதோ ஒரு ஆற்றங்கரையை நினைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்கள். அதைச் சாவு வீட்டுப் பந்தலுக்கென்று ஒதுக்கினார்கள். வெளியூரிலிருந்து வைத்தியத்துக்கு வந்து ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடக்கிறவர்களுக்கு, பாஷை தெரியாத ஊரில் தனியாகக் கிடந்த ஏதோ சிப்பாயின் நெட்டித் தொப்பியைக் கொண்டுபோய் வைத்தார் தணிகாசலம். அதன் கீழே வங்காளத்து ஆளும் வாணியம்பாடி ஆளும் பேசாமலே ஒருவருக்கொருவர் விசிறிக்கொண்டார்கள்.

நாடகக் கம்பெனிப் பெட்டியில் கிடைத்த கர்னல் தொப்பி ஒன்று இருந்தது. உள்ளே கர்னலின் பெயர்கூட மையில் எழுதியிருந்தது. அதை ஏற்றி வைத்ததும் அரிதாரமும் பீடியும் கலந்த வாசனையோடு நிழல் விழ, அதன் கீழே நின்றுகொண்டிருந்த தணிகாசலம் கையில் இஸ்திரிப் பெட்டியோடு, "மன்னவனே, நானும் வந்தேன்" என்று எட்டுக்கட்டைச் சுதியில் பாட ஆரம்பித்துவிட்டார். கர்னல் அதைப் பெட்டியிலேயே வைத்திருந்திருப்பார் போலிருக்கிறது. வருஷக்கணக்காகத் துரை வேஷம் கட்டி அதற்குள் வியர்த்தவன் யாரோ கூத்துக்காரன். நிழல் தொப்பியின் சொந்தக்காரனைச் சேர்ந்ததல்ல, கடைசியாக அதற்குள் வியர்த்த தலையைச் சேர்ந்தது என்று அன்று எல்லோருக்கும் புரிந்தது.

அப்படியென்றால் வியர்க்காத தலை? அதற்கும் பதில் வந்தது. பேரணாம்பட்டுத் தோல் கிடங்கு ஒன்றில் கமலநாதன் ஒரு வட்டத் தொப்பியைக் கண்டெடுத்தார். தோலில் குஞ்சம் வைத்தது, முன்னொரு காலத்தில் கோட்டைக்குள் இருந்த நம் சிப்பாய்கள் மாட்டவே மாட்டோம் என்று மறுத்து உயிரை விட்டார்களே, அந்த மாதிரித் தொப்பி. அதே தொப்பிதானா என்று சொல்ல அவரிடம் அத்தாட்சி ஏதும் இல்லை. கழியில் ஏற்றினார். ஒரு விரற்கடை நிழல்கூட விழவில்லை. கூடியிருந்தவர்கள் வெயிலில் சும்மா நின்றார்கள். பிறகு ஒருவர் செருப்பைக் கழற்றினார், அவரைப் பார்த்து மற்றவர்களும் கழற்றிவிட்டு, கால் பொசுங்கப் பொசுங்க நின்று கும்பிட்டார்கள். "போடாதவன் தொப்பியில நெழலு இருக்காது" என்றார் தணிகாசலம் பெருமையாக.

எல்லோருக்கும் பெருமையாக இருந்த அந்த நேரத்தில் கமலநாதன் மட்டும் பரண்மேல் இருப்பதை நினைத்துக்கொண்டார். அதைக் கழியில் ஏற்றி வைத்தால் போதும், மகன் ஒரு நாளாவது அதைப் போட்டானா, தகப்பன் பேச்சுக்குக் கொஞ்சமாவது மதிப்பு வைத்திருந்தானா, தெரிந்துவிடும். தினம் திட்டுகிற மனிதர்தான், ஆனால் தான் திட்டுவது சரி என்று வெயில் சாட்சி சொல்லிவிடுமோ என்று பயந்தார். பூங்காவனமும் அதற்கேதான் பயந்தாள், தான் சொல்லிவருவது பொய்யாகிவிடுமோ என்பது அவள் பயம். ஆகவே பரணைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

ஊரில் எல்லோரும் நிழலுக்குப் பழகிவிட்ட அந்த ஒரு வருஷத்தில், எந்தத் தொப்பியின் கீழேயும் வராத ஆள் ஒருத்திதான்: கூழ் விற்கிற பச்சையம்மா. கடைக்கு எதிர்சாரியில், மொட்டை வெயிலில், அலுமினியக் குண்டானை வைத்துக்கொண்டு, கேழ்வரகுக் கூழும் மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும் விற்றாள். போகிற வருகிற எல்லோரையும், "குடிச்சுட்டுப் போ கண்ணு, வெயிலு கொல்லுது" என்று கூப்பிடுவாள், காசு இருக்கிறதா என்று பார்க்க மாட்டாள். பூங்காவனத்துக்குத் தினம் ஒரு சொம்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நிமிர்ந்து முகம் பார்க்காமல் போய்விடுவாள். ஐந்து வருஷமாக இதுதான் வழக்கம். தலையில் முந்தானைகூடப் போட மாட்டாள்.

"இப்படித் தள்ளி உக்காரேன் பச்சம்மா. எடமா இல்ல?" என்று பூங்காவனம் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாள்.

"எனக்கு வெயிலு பழக்கம்க்கா," என்பாள் பச்சையம்மா. "நெழலு எனக்கு ஒத்துக்காது." பிடிவாதக்காரி என்று ஊர் அவளை அப்படியே விட்டுவிட்டது.

மறு வைகாசி பிறந்தது. குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழாவுக்கு, அம்மனின் தலையே தேராக ஊர்வலம் போகிற அந்தச் சிரசுத் திருவிழாவுக்கு, வருகிற ஜனத்துக்கு நிழல் வேண்டுமென்று வேன் வைத்து அத்தனை தொப்பிகளையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் மிஞ்சியது நிழல் இல்லாத அந்த வட்டத் தொப்பி மட்டும். தெரு மறுபடியும் வெட்டவெளியாகி, தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. உச்சிப்பொழுதில், கடைசிக் கூழையும் ஊற்றிக் கொடுத்து, குண்டானைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்த பச்சையம்மா, எழுந்த மாதிரியே சாய்ந்து நடுத்தெருவில் விழுந்தாள்.

தணிகாசலம் ஓடினார். நாலைந்து பேர் ஓடினார்கள். தண்ணீர் தெளித்தார்கள், தெளித்த தண்ணீர் அவள் முகத்திலேயே காய்ந்தது. தூக்கலாம் என்று கையைப் பிடித்தால் கை நெருப்பாகச் சுட்டது.

"ஏதானும் ஒரு தொப்பி எடுத்தாங்கய்யா!" என்று கத்தினார் தணிகாசலம்.

"ஏதுய்யா தொப்பி? எல்லாம் குடியாத்தத்துல கீது," என்றார் கமலநாதன் கடை வாசலில் நின்றபடி.

பூங்காவனம் உள்ளே போனாள், நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது, பரண் பலகை கிறீச்சிட்டது. வேட்டிச் சுற்றைப் பிரித்துக்கொண்டே வெளியே வந்தவளின் முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார் கமலநாதன்.

"வேணாம் பூங்கா."

"வழிய விடு."

"நெழலு வரலன்னா? ஊரே பாத்துகினு கீதுடி. நெழலு வரலன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

"அங்க ஒரு உசுரு போயிகினு கீது," என்றாள் அவள். "வரலன்னா வரல. நம்ம ரெண்டு பேருக்கும் அப்ப தெரிஞ்சிக்கலாம்."

அவர் கை தானாக இறங்கியது. அவள் ஒட்டடைக் கம்பின் நுனியில் அந்த நீலநிற ஹெல்மெட்டை மாட்டி, இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தாள்.

நிழல் விழுந்தது. மெதுவாக, வட்டமாக, அடர்த்தியாக, முருங்கை மரமும் பூவரச மரமும் ஒன்றாகக் கை கோர்த்துக்கொண்டதுபோல ஒரு நிழல் இறங்கி, பச்சையம்மாவை மூடி, சுற்றி நின்றவர்களை மூடி, கடைப் படி வரைக்கும் வந்து நின்றது. பூங்காவனம் ஓவென்று அழுதாள். "போட்டுக்குவான்னு சொன்னேன் இல்ல! சொன்னேன் இல்ல!" மகனுடைய நிழலுக்குள் போவதாக நினைத்துக்கொண்டு கமலநாதன் படியிறங்கி உள்ளே போனார்.

உள்ளே மகனுடைய வாசனை இல்லை. புளித்த கூழின் வாசனை வந்தது. மோர் மிளகாய் வாசனையும் நறுக்கிய வெங்காய வாசனையும் வந்தன. குண்டான் கழுவிக் கவிழ்த்தபடி எதிர்சாரியில் கிடந்தது. தணிகாசலம் பக்கத்தில் நின்ற ஆளைப் பார்த்து, தன்னையறியாமல், "குடிச்சுட்டுப் போ கண்ணு" என்றார். அந்த ஆள் இன்னொருத்தரிடம் அதையே சொன்னார். நிழலுக்குள் நின்ற ஒவ்வொரு வாயும் அடுத்த ஆளைப் பார்த்து அதையே சொல்லிற்று. கமலநாதனின் வாயும் திறந்தது, தரையில் கிடந்த பச்சையம்மாவைப் பார்த்து, "வெயிலு கொல்லுது" என்று அவர் குரலே சொல்லக் கேட்டார். கூத்துக்காரன் வியர்த்த கர்னல் தொப்பி அவர் நினைவுக்கு வந்தது.

பச்சையம்மா கண்ணைத் திறந்தாள். மேலே கம்பின் நுனியில் இருந்ததைப் பார்த்தாள். எழுந்து ஓடப் பார்த்தாள், முடியவில்லை.

"எப்ப போட்ட இத்த?" என்று கேட்டார் கமலநாதன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னிக்குத்தாண்ணா."

அவளே சொன்னாள். "சர்வீஸ் ரோட்டுல குண்டானத் தூக்கிகினு நடந்து வந்தேன். நான் கை காட்டல. புள்ள தானா வண்டிய நிறுத்திச்சு. 'பெரிம்மா ஏறிக்கோ, வெயிலு மண்டையப் பொளக்குது, இத்த மாட்டிக்கோ'ன்னு அதுவே கழட்டிக் குடுத்துச்சு. எனக்கு எதுக்கு கண்ணு, நீ போட்டுக்கோன்னேன். கேக்கல. 'எங்க கடை சரக்கு பெரிம்மா, போட்டுப் பாரு'ன்னு சிரிச்சுது. கொஞ்ச தூரங்கூட வரல, மணலு சறுக்கிச்சு. நான் முள்ளுச் செடியில போய் விழுந்தேன். எழுந்து பாத்தா..." அவள் கம்பின் நுனியிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தாள். "கழட்டி அது பக்கத்துல வெச்சுட்டு ஆளுங்களக் கூவுனேன். கூட்டம் சேந்துச்சு. அவங்களா ஒண்ணு சொல்லிட்டாங்க. எனக்கு வாய் வரல. மறுநாளு உங்க கடைக்கு எதுர்க்க வந்து உக்காந்தேன், சொல்லிடலாம்னு. தெனம் அதுக்குத்தான் வரேன். சொல்ல வாய் வரல, கூழுதான் ஊத்த முடிஞ்சுது."

கமலநாதன் அவள் எதிரில் உட்கார்ந்தார். ஒன்றே ஒன்று கேட்டார்.

"பட்டி போட்டானா?"

"போட்டுச்சுண்ணா." அவள் தன் தாடைக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். "வெரலக் குடுத்து ரெண்டு தபா இழுத்துப் பாத்துச்சு. அப்புறந்தான் வண்டிய எடுத்துச்சு."

அப்போதுதான் கமலநாதன் அழுதார். சுடுகாட்டில்கூட அழாத மனிதர், நடுத்தெருவில், தெருக்காரர் அத்தனை பேருக்கும் முன்னால், வாய்விட்டு அழுதார். அவருக்கு யாரையும் கோபிக்கத் தோன்றவில்லை. பச்சையம்மா நிழலை விட்டு வெயிலுக்குள் நகரப் பார்த்தபோது, அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இங்கயே இரும்மா. இது உன் நெழலு."

"என்னுது இல்லண்ணா," என்றாள் அவள். "உன் புள்ள குடுத்தது."

பூங்காவனம் கை கடுக்கக் கடுக்கக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயில் தாழ்கிற வரைக்கும் ஆள் மாற்றி ஆள் அதைப் பிடித்தார்கள். சாயங்காலம் குடியாத்தத்திலிருந்து வேனில் தொப்பிகள் திரும்பி வந்தபோது, பச்சையம்மாவின் குண்டானுக்குப் பக்கத்தில் தணிகாசலம் குழி தோண்டிக்கொண்டிருந்தார். அங்கே நட்ட கழியில் அந்த நீல ஹெல்மெட் இன்றைக்கும் இருக்கிறது. அதன் கீழே நிற்கிற யாரும் பக்கத்து ஆள் சாப்பிட்டாரா என்று கேட்காமல் நகர்ந்ததில்லை.

மறுநாள் காலையில் கமலநாதன் காப்பிக்கு முன்னால் வழக்கம்போலப் படத்துக்கு முன்னே போய் நின்றார். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. பூங்காவனம் காத்திருந்தாள்.

"கடை முழுக்க அடுக்கி வெச்சிருந்தேனேடா," என்றார் அவர். "இன்னொண்ணு எடுத்துகினு போயிருக்கக் கூடாதா?"